நீலத் தண்ணீர்ப் போத்தல்

உட்துறைமுகத்தை ஒட்டிய அந்த ஒழுங்கையில் ஸல்ஹாவின் கேற்றுக்கு இரண்டு தூண்கள். வலது பக்கத் தூணால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. தகராறெல்லாம் இடது பக்கத் தூணால்தான். ஒழுங்கையில் எத்தனையோ லைற் போஸ்ற், எத்தனையோ மதில், நல்ல வேப்பமரம் இரண்டு இருக்க, பக்கத்து வீட்டுச் சூசைப்பிள்ளையின் நாய் சுக்கான் அந்த ஒரு தூணைத்தான் தன் பெயருக்கு எழுதி வாங்கியதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஒருமுறை வரும், பின்னேரம் ஒருமுறை வரும், மனம் வந்தால் இடையிலும் வரும். பின்னங்காலைத் தூக்கி, ஒரு அவசரமும் இல்லாமல் நின்று, முடிந்ததும் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும்.

ஸல்ஹா பெண்களுக்கு உடுப்புத் தைக்கிறவள். முன்னறை யன்னலோடு தையல் மெசின், யன்னலுக்கு நேரே கேற். அபாயாவுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அந்தத் தூணை உரசிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால் கழுவவேண்டும் என்பது அவள் மார்க்கம். மார்க்கத்தில் அவள் ஒரு நூல் அளவுக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். பழைய பால்மா டின் ஒன்றில் மண் நிரப்பி, ஒரு வாளித் தண்ணீரோடு கேற்றடியில் எப்போதும் வைத்திருப்பாள். சுக்கான் வந்து போனதும் மெசினை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்க் கழுவுவாள். கழுவும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கத்தக்கதாக நாலு கதையும் சொல்லுவாள். இடுப்பு நோகிற நாளில் அது நாலோடு நிற்காது.

சூசைப்பிள்ளை துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். குட்டியாக வந்தபோதே நாயின் வால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதால், படகைத் திருப்புகிற சுக்கானின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். மனைவி அஞ்சலினா கண்மூடிய பிறகு அந்த வீட்டில் அவர் கதைக்கிறதென்றால் சுக்கானோடுதான். இண்டைக்கு என்ன கறி வைக்கலாம் என்று கேட்பார். றேடியோவில் மழை என்று சொன்னால் அதையும் போய் அதற்குச் சொல்லுவார். நாயோடு கதைக்கிற மனிதன் என்று ஒழுங்கையில் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு வீட்டில் ஆளிருக்கிறது, அவர்களுக்கு என்ன.

இரண்டு வீட்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கு முதல்நாளிலிருந்து கதை பேச்சு இல்லை. அன்றைக்குப் பஸ்மியா என்கிற வாடிக்கைக்காரி, தைத்து முடித்த புது அபாயாவைப் போட்டு அழகு பார்த்தபடியே வெளியில் போக, அதன் ஓரம் ஈரத் தூணில் பட்டுவிட்டது. பெருநாள் உடுப்பு. ஸல்ஹாவுக்கு ஏறிய கோபத்தில் வேலிக்கு மேலால் நின்று, "நாய் வளக்கத் தெரியாட்டிக் கட்டிப் போடுங்க" என்றாள். சூசைப்பிள்ளை பகிடியாகச் சொல்லுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அது நாய் தங்கச்சி, அதுக்கு மார்க்கம் தெரியுமே?" என்றார். அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. அடுத்த நாள் பெருநாள் வட்டிலப்பம் வேலிக்கு மேலால் போகவில்லை. நத்தாருக்கு வரவேண்டிய பலகாரமும் வராது என்று முனீப் கவலைப்பட்டான்.

முனீப் ஸல்ஹாவின் புருஷன். ஓட்டோ ஓட்டுகிறவன், சண்டைக்கு ஆகாத ஆள்.

நீலத் தண்ணீர்ப் போத்தலுக்கு யோசனை சொன்னதும் அந்தப் பஸ்மியாதான். வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, போத்தலில் அடைத்துத் தூணில் கட்டிவிட்டால் நாய் கிட்டவும் வராதாம். அவளுடைய மாமி வீட்டில் கண்கூடாகக் கண்டதாம். ஸல்ஹா உடனே ஒரு சோடாப் போத்தலைத் தேடி எடுத்து, நீலம் கரைத்து, கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள்.

"நாய்க்கு நீலம் என்ன பச்ச என்ன?" என்று முனீப் சிரித்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சது ஓட்டோ மட்டுந்தான். சும்மா இருங்க."

சும்மா சொல்லக்கூடாது, போத்தல் வேலை செய்தது. அன்று பின்னேரமே தூண் காய்ந்துபோய் இருந்தது. அடுத்த நாளும் காய்ந்திருந்தது. சுக்கான் வராமல் இல்லை. வந்தது, காலைத் தூக்கியது, போய்விட்டது. தூணில் மட்டும் ஈரமில்லை. ஸல்ஹா மண் டின்னைத் தொடவேயில்லை. தேத்தண்ணி குடிக்க வந்த முனீப்பைக் கையில் பிடித்துக் கேற்றடிக்குக் கூட்டிப்போய்த் தூணைத் தடவிக் காட்டினாள். பஸ்மியாவுக்குப் போன் எடுத்து, அவள் மாமிக்கும் சேர்த்துத் துஆச் செய்தாள். இந்த வெற்றியில் அவளுக்கு ஒரு குறைதான், சூசைப்பிள்ளை வெளியில் வந்து போத்தலைப் பார்த்து ஒரு முகத்தைச் சுழிக்கவில்லையே என்று.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் மெசின் நூல் அறுந்தது. ஊசியில் நூல் கோக்கத் தலையைத் தூக்கியவள், யன்னலால் சுக்கானைக் கண்டாள்.

நாய் தூணுக்கு முன்னால் காலைத் தூக்கி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தூக்கிய கால் நடுங்கியது. காலை இறக்கிவிட்டு, மற்றக் காலைத் தூக்கியது. பிறகு குட்டி நாய் மாதிரி முதுகை வளைத்துக் குந்தியது. எழும்பி இரண்டு அடி நடந்து திரும்பவும் குந்தியது. நீலப் போத்தல் அதன் மூக்குக்கு நேரே காற்றில் ஆடியது. அதை அது பார்க்கவேயில்லை. போத்தலென்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் படுத்து, பின்னங்காலுக்கு இடையில் நக்கி, மெல்ல முனகிவிட்டு எழும்பிப் போனது.

ஸல்ஹா கையில் பிடித்த நூலோடு வெளியில் போய்க் குனிந்து பார்த்தாள். தூணில் ஒன்றுமில்லை. மணலில் மட்டும் ஒரு துளி, சட்டைப் பொத்தான் அளவு. இளஞ்சிவப்பு. ஊசி குத்திய விரல் வெள்ளைத் துணியில் பட்டால் எப்படி ஊறும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இத்தனை நாளும் அது காலைத் தூக்கியதும் இறக்கியதும் போத்தலுக்குப் பயந்து இல்லை. சலம் போக முடியாமல். அந்தச் சீவன் வாசலில் நின்று வேதனைப்பட்டிருக்கிறது, அவள் உள்ளே இருந்து வெற்றி கொண்டாடியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நாயை நினைத்து ஒரு மனுசி வெட்கப்படுவாளா என்று கேட்டால், ஸல்ஹா பட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சூசைப்பிள்ளையின் குரல் கேட்டது. "முக்கடா ராசா, இன்னும் கொஞ்சம் முக்கு. நண்டு ஓட்டைத் திண்டுபோட்டு இப்பக் கிடந்து அழுந்து. வாயத் திற, எண்ணெய குடி. ஒருக்கா வெளிக்குப் போனால் எல்லாம் சரியாப் போகும்."

மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் பருக்கிக்கொண்டிருக்கிறார். ஸல்ஹா கேற்றடியில் நின்று உதட்டைக் கடித்தாள். அதுவல்ல வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாய் எப்போது போகும், எவ்வளவு போகும், எந்தக் காலைத் தூக்கும் என்று இந்த ஒழுங்கையில் அவளைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. வருசக்கணக்காகப் பார்த்துத் திட்டிக் கழுவினவள் அல்லவா. ஆனால் போய்ச் சொல்லுவதென்றால் வாயைத் திறக்கவேண்டும். பெருநாளிலிருந்து மூடிய வாய்.

அந்நேரம் பார்த்து முனீப் ஓட்டோவோடு வந்து சேர்ந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. "முதுக வளைச்சு நிண்டானா? நிண்டு பாத்துட்டுத் திரும்பத் திரும்பக் குந்தினானா?"

"ஓம்."

"எனக்குக் கல்லு வந்த நேரம் நானும் இப்பிடித்தானே வளைஞ்சு நிண்டனான். மறந்திட்டியா? சுவரப் புடிச்சுக்கொண்டு அழுதனான். அவனுக்கும் கல்லு தான் புள்ள."

ஸல்ஹா மறக்கவில்லை. அந்த நாளில் அவனுக்கு வெட்டிக் கொடுத்ததுபோல ஒரு செவ்விளநீரை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வேலியடிக்குப் போனாள்.

"சூசையண்ணே."

எண்ணெய்ப் போத்தலோடு குந்தியிருந்த சூசைப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்போல. "கட்டித்தான் வைச்சிருக்கிறன் தங்கச்சி, இப்பத்தான் கண்ணத் தப்பி ஓடி வந்தவன்" என்றார்.

"அதுக்கு வரல்ல. அவனுக்கு வயிறு இல்ல வருத்தம். சலம் போகுதில்ல. நாலு நாளாத் தூண் நனையல்ல, சொட்டுச் சொட்டாத்தான் போயிரிக்கும். இப்ப ஒரு துளி ரெத்தம் கிடக்கு என்ட வாசல்ல."

அவர் வாய் பிளந்து அவளைப் பார்த்தார். அவருடைய நாயைப் பற்றி அவருக்கே தெரியாததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனீப் அதற்குள் போனை எடுத்துவிட்டான். கண்டி வீதியில், கப்பல்துறைக்குக் கிட்டே, கீர்த்தனி என்று ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார். பஸ்ஸில் வந்து இறங்குகிற நாட்களில் முனீப்தான் அவரை ஏற்றிக்கொண்டு போகிறவன். போனைச் சத்தமாக வைத்து வேலிக்கு மேலால் நீட்டினான்.

"ஆண் நாயா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம் டொக்டர்" என்றார் சூசைப்பிள்ளை.

"சாப்பிட்டவனா?"

"இல்ல. காலமை வாந்தி எடுத்தவன். நான் எண்ணெய் குடுத்ததால எண்டு நினைச்சனான்."

"கடைசியா எப்ப சலம் போனவன்?"

சூசைப்பிள்ளை ஸல்ஹாவைப் பார்த்தார். ஸல்ஹா போனுக்குக் கிட்டே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். தூண் காய்ந்ததையும் சொன்னாள், கால் நடுங்கியதையும் சொன்னாள், துளியின் நிறத்தையும் சொன்னாள்.

"அடிவயித்த மெல்லத் தொட்டுப் பாருங்க. அமத்த வேண்டாம்."

சூசைப்பிள்ளை தொட்டார். அவர் கை நின்றுவிட்டது. "பந்து மாதிரி நிக்குது டொக்டர்."

"அப்ப வழி அடைபட்டிருக்கு. தண்ணி, இளநீர் ஒண்டும் பருக்காதீங்க. உள்ள போறது வெளியில வர வழியில்ல, பை வெடிச்சாலும் வெடிக்கும். அழுக்கெல்லாம் ரெத்தத்தில ஏறிக்கொண்டிருக்கும். பின்னேரம் மட்டும் வைச்சிருக்க ஏலாது, இப்பவே கொண்டு வாங்க. அந்தக் கதைச்ச அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க, இன்னும் கேக்கவேண்டி இருக்கு."

ஸல்ஹா கையிலிருந்த செவ்விளநீரைப் பார்த்தாள். நல்லது செய்கிறேன் என்று அதைக் கொன்றிருப்பேனே என்று நினைத்தாள். வேலியடியில் அதை வைத்துவிட்டாள்.

ஓட்டோவுக்குப் போன மாதந்தான் புது சீற் கவர் போட்டது. முனீப் அதைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், பிறகு பெண்சாதியைப் பார்த்தான்.

"ஏழு தரம் கழுவினா முடிஞ்சுது. நான் கழுவுறன். நீங்க ஸ்ராட் பண்ணுங்க" என்றாள் ஸல்ஹா.

சூசைப்பிள்ளை பழைய சாரமொன்றில் சுக்கானைச் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டார். ஸல்ஹா மற்ற ஓரத்தில், கம்பியோடு கம்பியாக ஒட்டி உட்கார்ந்தாள். அவ்வளவு ஒட்டி என்ன பயன்? கடல் ஓரமாகப் போகிற வீதியில் முதல் வளைவிலேயே நாயின் தலை சரிந்து அவள் மடியில் விழுந்தது. சூசைப்பிள்ளை பதறிப்போய்த் தலையை இழுக்கப் பார்த்தார். இழுத்ததும் நாய் வேதனையில் கத்தியது.

"விடுங்க. கிடக்கட்டும்."

"உங்கட உடுப்பு தங்கச்சி."

"உடுப்பு தைக்கிறவள் நான். எனக்கு உடுப்புக்குப் பஞ்சமா? கிடக்கட்டும் எண்டுறன்."

அதன் வாயிலிருந்து வடிந்த எச்சில் அபாயாவை நனைத்து உள்ளே ஊறியது. சூடாக இருந்தது. தன் வாழ்நாளில் ஒரு நாயின் தலை எவ்வளவு பாரம் என்று ஸல்ஹாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தாள். சீனக்குடா தாண்டும்போது அது அவளை நிமிர்ந்து பார்த்தது. அந்தரத்தில் இருந்த கை தானாக இறங்கி அதன் நெற்றியில் அமர்ந்தது. எல்லாம் கழுவினால் போகிறதுதானே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கீர்த்தனி டொக்டர் சின்ன மனுசி, கை மட்டும் வேகம். வயிற்றில் மயிரைச் சிரைத்து, களியைப் பூசி, ஸ்கான் கருவியை வைத்து ஓட்டினார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன் அடியில் வெள்ளை வெள்ளையாக மின்னியது.

"கறுப்பாத் தெரியிறது தேங்கி நிக்கிற சலம். அடியில மின்னுறது எல்லாம் கல்லு. ஒண்டு உருண்டு வந்து குழாய்க்குள்ள இறுகியிருக்கு. பெட்டை நாயெண்டால் வழி கொஞ்சம் அகலம், சின்னக் கல்லு தானா வெளியில போகவும் பார்க்கும். ஆணுக்கு வழி ஒடுக்கம், அதில ஒரு எலும்பும் இருக்கு, விரிஞ்சு குடுக்காது."

"கரையிறதுக்கு மருந்து இல்லையா?" என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

"சில சாதிக் கல்லு சாப்பாட்ட மாத்தினாலே கரையும், சிலது ஒருநாளும் கரையாது. எடுத்துச் சோதிச்சாத்தான் எது எண்டு தெரியும். ஆனா அடைச்சுக்கொண்டு நிக்கேக்க கரையும் மட்டும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. இப்பக் குழாய் விட்டு, தண்ணி அடிச்சு, கல்லத் திரும்பப் பைக்குள்ள தள்ளுவன். சலம் வடிஞ்சு ரெத்தம் சுத்தமாகட்டும். நாளைக்குப் பையைத் திறந்து எல்லாத்தையும் எடுப்பம். வயசான நாய் ஐயா. தாங்குவான் எண்டு இப்ப நான் வாக்குத் தர ஏலாது."

வெளியில், வந்தவர்கள் உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தது. சூசைப்பிள்ளை அதில் இருக்கவில்லை. வாசலுக்கும் வாங்குக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் என்னால. வழி அடைபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய ஊத்தி முக்கு முக்கு எண்டனான்."

"நான் மட்டும் என்ன? போத்தலுக்குப் பயந்து விட்டான் எண்டு ஊரெல்லாம் போன் எடுத்துச் சொன்னன்" என்றாள் ஸல்ஹா.

"நீங்கள் எண்டாலும் பாத்தனீங்கள்" என்றார் அவர்.

பிறகு அவர் முற்றத்துக்கு இறங்கி, அந்தோனியார் கோயில் இருக்கிற பக்கம் திரும்பி, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். வாய்க்குள் சொல்லுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். படகு எஞ்சினோடு கத்திப் பழகிய தொண்டை, எல்லாம் கேட்டது.

"அந்தோனியாரே, எனக்கு வேற ஆருமில்ல. இவனத் தாரும். இவன் பிழைச்சு வந்தால், சாகும் மட்டும் அந்தப் பிள்ளையிட வாசல்ல காலைத் தூக்க விடமாட்டன். இது என்ட நேர்த்தி."

ஸல்ஹா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெழுகுதிரி ஏற்றுவதாக நேரலாம், கோயிலுக்கு நடந்து வருவதாக நேரலாம். அந்த மனிதருக்குத் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய கடனாகத் தெரிந்தது அவளுடைய வாசல் தூண். அவளுக்குக் கண் நிறைந்து வந்தது. அபாயாவால் துடைக்கப் போனவள், அதில் நாயின் எச்சில் இருப்பதை நினைத்துக் கையை இறக்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கழுவினது இருக்கிறதே. அபாயாவைக் கழுவினாள், சீற்றைக் கழுவினாள், தரையைக் கழுவினாள், கைகளைக் கழுவினாள். முனீப் மண் கரைத்து ஊற்றினான். தொழுகைப் பாயில் போய் நின்றபிறகு, ஒரு நாய்க்காகத் துஆக் கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். படைத்தவனிடம் அவன் படைத்ததைக் கேட்பதற்கு என்ன தடை என்று நினைத்துக் கேட்டுவிட்டாள்.

சுக்கான் தாங்கியது. அடுத்த நாள் டொக்டர் பையைத் திறந்து கல்லை எடுத்தார். ஒரு குட்டிப் போத்தலில் போட்டுக் காட்டினார். பெரியதும் சின்னதுமாக, அரிசியில் பொறுக்குகிற கல் மாதிரி. ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார். குழாயோடு இன்னும் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

அனுப்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "உலர்ந்த சாப்பாடு வேண்டாம், தண்ணியாக் குடுங்க, நிறையக் குடிக்கட்டும். அடக்கி வைக்க விடாதீங்க, அடிக்கடி வெளியில விடுங்க. உள்ள வீக்கம் இருக்கு. இண்டைக்குப் பொழுதுபட முதல் தானாச் சலம் போகவேணும். போகாட்டி உடன திருப்பிக் கொண்டு வாங்க. திரும்பக் குழாய் போட்டா அவனுக்கு உடம்பு தாங்குமோ தெரியாது."

மத்தியானத்திலிருந்து சூசைப்பிள்ளை நாயோடு நடந்தார். ஸல்ஹா மெசினில் இருந்தாள்; மெசின் ஓடவில்லை. அவர் அதை முருங்கையடிக்குக் கூட்டிப்போனார். மோந்துவிட்டுத் திரும்பியது. லைற் போஸ்ற்றடிக்குக் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் நின்று கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. கழுத்தில் கயிறு, வயிற்றில் தையல், கால் தள்ளாடுகிறது. ஆனாலும் அது ஒரே பக்கந்தான் இழுத்தது. ஸல்ஹாவின் தூணுக்கு நாலு முழம் வரைக்கும் வரும், சூசைப்பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுப்பார், முனகிக்கொண்டு போகும். திரும்பவும் வரும், திரும்பவும் இழுப்பார். இழுக்கும்போது அவர் தூணைப் பார்க்கவேயில்லை.

பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்னது. ஸல்ஹா தொழுதுவிட்டு வந்தாள். நாய் ஒழுங்கை நடுவில் முதுகு வளைந்து படுத்துவிட்டது. சூசைப்பிள்ளை அதன் பக்கத்தில் மணலிலேயே குந்தியிருந்தார். கேற்றைத் திறந்துகொண்டு அவள் வெளியில் வந்தாள்.

"என்னத்துக்கு அவன இழுக்கிறீங்க சூசையண்ணே? அவனுக்கு இஞ்சதானே பழக்கம்."

"வேண்டாம் தங்கச்சி. நான் அந்தோனியாருக்கு நேர்ந்தனான்."

"கேட்டனான். ஊருக்கே கேட்டிரிக்கும்."

"நேர்த்திய முறிச்சால் அவர் தந்ததத் திருப்பி எடுத்துப்போடுவார்." அவர் நாயின் முதுகைத் தடவினார். "முறிக்காட்டியும் இவன் செத்துப்போகப் பாக்கிறான். நான் என்ன செய்ய?"

ஸல்ஹா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். வேலிக்கு மேலால் சண்டை பிடிக்கிற அதே நிலை.

"இந்தத் தூண் ஆருட?"

"உங்கட."

"வாசல்?"

"அதுவும் உங்கடதான்."

"அப்ப என்ட தூண என்னட்ட ஒரு வார்த்த கேக்காம நீங்க எப்பிடி நேர்ந்தீங்க? உங்கட கோழிய நேருங்க, உங்கட மெழுகுதிரிய நேருங்க. ஊரான்ட சாமான நேர ஏலுமா? நான் சம்மதிக்கல்ல. நியாயம் தெரிஞ்சவர் எண்டா உங்கட அந்தோனியாருக்கு விளங்கும். தூணுக்குச் சொந்தக்காரி தரமாட்டன் எண்டுட்டாள் எண்டு போய்ச் சொல்லுங்க."

சூசைப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த வழக்கில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கும். தேட மனம் வரவில்லை. ஸல்ஹா அதற்குள் தூணடிக்குப் போய், கம்பியை முறுக்கிக் கழற்றி, நீலப் போத்தலை மதிலுக்கு உள்ளே வைத்துவிட்டாள்.

"கயித்த விடுங்க."

அவர் விட்டார்.

சுக்கான் எழும்பியது. மெல்ல மெல்ல நடந்து வந்து, தூணை மோந்து, அரைச் சுற்று சுற்றி, காலைத் தூக்கியது. கால் நடுங்கியது. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள், தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியில் வந்த முனீப்பையும் சேர்த்து. ஒன்றும் வரவில்லை. ஸல்ஹா குனிந்து, "போடா ராசா, போ" என்றாள். ஒரு துளி விழுந்தது, இளஞ்சிவப்பாக. இன்னொன்று விழுந்தது. பிறகு, பூட்டியிருந்த பைப்பை யாரோ திறந்ததுபோல, சத்தத்தோடு அடித்தது. தூணில் பட்டுத் தெறித்து, மணலில் ஓடி, ஸல்ஹாவின் செருப்பு வரைக்கும் வந்தது. அவள் காலை எடுக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

சூசைப்பிள்ளை சாரத்தின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாய் முடித்துவிட்டு, சாய்ந்த வாலை ஒரு ஆட்டு ஆட்டியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மண் டின்னை எடுக்கக் குனிந்தார். "தாங்கோ, இண்டைக்கு நான் கழுவுறன்."

"நீங்க கழுவினா எனக்கு மனம் ஆறாது, திரும்ப ஒருக்காக் கழுவணும். கழுவுறது நான். மண் அள்ளிக்கொண்டு வாறதுதான் எனக்கு இடுப்பு நோ. அத வேணுமெண்டா நீங்க செய்யுங்க."

அடுத்த நாள் விடிந்து அவள் கேற்றைத் திறக்கும்போது, பால்மா டின் விளிம்பு வரைக்கும் நிறைந்து, தூணடியில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சூசைப்பிள்ளை, அஞ்சலினாவின் மா அரிக்கிற அரிதட்டைக் கழுவிக்கொண்டு சுக்கானோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். ஸல்ஹா டின்னுக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தாள். மா போல மண், ஒரு கல் இல்லை.